ஓட்டை போடுவோர் கையேடு

டிரில் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டால் ஓட்டை போட்டே ஆகவேண்டும். ஓட்டை வேண்டும் என்பதற்காக மெஷின் வாங்குகிறவர்கள் குறைவு. தள்ளுபடியில் மெஷின் கிடைத்துவிட்டது, இனி ஓட்டைக்கு எங்கே போவது என்று சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நடப்பவர்களே அதிகம். அவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. இதில் சொல்லியிருப்பதைப் பிசகாமல் கடைப்பிடித்தால் உங்கள் வீட்டில் எந்த போல்ட்டும் எந்த நட்டிலும் சேராது. எந்த அலமாரியும் நேராக நிற்காது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், லேத் பட்டறைக்காரர் ஆகிய மூன்று குடும்பங்களும் உங்களை வாழ்த்தும்.

தேவையானவை: டிரில் மெஷின் ஒன்று. இன்ச் கணக்கில் ஒரு பிட் செட், மில்லிமீட்டர் கணக்கில் ஒரு பிட் செட். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி நன்றாகக் குலுக்கி வைத்திருக்க வேண்டும். பிட்டின் தண்டில் பொடி எழுத்தில் அளவு பொறித்திருப்பார்கள். பிட்டைக் கவ்வும் சக்கில் நாலு தடவை வழுக்கிச் சுற்றினால் அந்த எழுத்து தானாக அழிந்துவிடும். அழியும்வரை சக்கை முழுசாக இறுக்காதீர்கள். வெர்னியர் காலிப்பர் வேண்டாம். அது இருக்கிற வீட்டில் இந்தக் கையேடு பலிக்காது.

அளவெடுத்தல்

நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. வீசையும் பலமும் சந்தையை விட்டுப் போய் ரொம்பக் காலமாகிறது. அடியும் இன்ச்சும் மட்டும் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் சென்டிமீட்டரில் கோடு போட்டுப் படித்த பிள்ளை, சொந்தமாக வீடு கட்ட ஆரம்பித்ததும் மேஸ்திரியோடு அடி, இன்ச், நூல் என்றுதான் பேசுகிறது. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். மூணு நூல் என்றால் 3/8 இன்ச், நாலு நூல் என்றால் அரை இன்ச். கம்பி வாங்கினால் ரசீதில் 8, 10, 12 மி.மீ. என்று இருக்கும், வாயில் ரெண்டரை நூல், மூணு நூல், நாலு நூல் என்று வரும். உண்மையில் மூணு நூல் 9.5 மி.மீ.தான், கம்பி 10. நாலு நூல் 12.7 மி.மீ., கம்பி 12. கான்கிரீட்டுக்குள் புதைகிற கம்பிக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பேச்சு எப்படி இருந்தாலும் ரசீதில் உள்ளதுதான் லாரியில் வருகிறது. இதே வாயோடு போல்ட் வாங்கப் போகும்போதுதான் நம் கையேட்டுக்கு வேலை ஆரம்பமாகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டேப்பை எடுங்கள். ஒரு ஓரத்தில் இன்ச், மறு ஓரத்தில் சென்டிமீட்டர். அகலத்தை இன்ச்சில் படித்து, உயரத்தைச் சென்டிமீட்டரில் படித்து, இரண்டையும் எழுதி வைக்காமல் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பின் நுனியில் உள்ள கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதா? அது பழுதல்ல, தயாரித்தவர்களே வேண்டுமென்று ஆடவிட்டிருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி தன் தடிமன் அளவுக்கு முன்னால் வரும், சுவரில் முட்டி வைத்தால் அதே அளவு பின்னால் போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வர அதுதான் ஏற்பாடு. நீங்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ரிவிட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுங்கள். அன்றிலிருந்து ஏதாவது ஒரு வகை அளவில் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத் தப்பு இருக்கும். நம்பகமான தப்பு.

அடுத்தது மாற்றுக் கணக்கு. ஒரு இன்ச் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர். 1959-க்கு முன் அமெரிக்க இன்ச் வேறு, பிரிட்டிஷ் இன்ச் வேறு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் ஒப்பந்தம் போட்டு 25.4 என்று முடித்தன. நீங்கள் இந்த அளவுக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச்சுக்கு 0.4 மி.மீ.தானே குறைகிறது, கண்ணுக்கே தெரியாது. முப்பது இன்ச் அளந்தால் மட்டும் 12 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரை இன்ச் காணாமல் போயிருக்கும்.

இதைப் பழகிப் பார்க்கத் தோதான பொருள் டிவி. கடையில் 55 இன்ச் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த இன்ச் திரையின் மூலைக்கு மூலை. பின்பக்கம் பிராக்கெட் மாட்டுகிற நாலு ஓட்டைகளோ மில்லிமீட்டரில் இருக்கும். பெரிய டிவிகள் பலவற்றில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் 400 மி.மீ. கடை பிராக்கெட் விலை அதிகம் என்று நீங்களே இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்யப் போகிறீர்கள் அல்லவா, டேப்பைப் பிடித்துப் பாருங்கள். பதினாறு இன்ச்சுக்குப் பக்கத்தில் வரும். ‘பதினாறுதான்’ என்று முடிவு கட்டி ஓட்டை போடுங்கள். பதினாறு இன்ச் 406.4 மி.மீ. அந்த 6.4 மி.மீ. என்பது டிவியில் மாட்டப்போகிற ஆறு மி.மீ. ஸ்க்ரூவின் தடிமனைவிடவும் அதிகம். முதல் ஸ்க்ரூ அழகாக ஏறும். இரண்டாவதற்கு ஓட்டையில் டிவி இருக்காது, டிவியில் ஓட்டை இருக்காது. பிராக்கெட் ஓட்டையை அரத்தால் நீட்டி இழுத்து மாட்டிவிட்டால் டிவி ஒரு பக்கம் சாய்ந்து, செய்தி வாசிப்பவர் உங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

மரத்துக்குப் போடும் ஸ்க்ரூ வேறு ஜாதி. கடையில் ‘முப்பத்தஞ்சுக்கு எட்டு’ என்பார்கள். முப்பத்தைந்து என்பது மில்லிமீட்டரில் நீளம். எட்டு என்பது மில்லிமீட்டரும் அல்ல, இன்ச்சும் அல்ல, நூலும் அல்ல. பழைய ஆங்கிலேய நம்பர். எட்டாம் நம்பரின் தடிமன் 0.164 இன்ச், அதாவது நாலு மி.மீ.க்குச் சற்று மேல். ஒரே பெயரில் பாதி பிரான்ஸ், பாதி இங்கிலாந்து. நீங்கள் எட்டை மில்லிமீட்டர் என்றே நம்பி 8 மி.மீ. பிட்டால் பலகையில் துளைத்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாது. விரலால் போட்டு விரலாலேயே எடுத்துவிடலாம்.

சுவர்

சுவரில் ஓட்டை போட உகந்த இடம் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே. வயர் வழக்கமாகப் போர்டிலிருந்து செங்குத்தாகத்தான் மேலே போகும் என்பதால் குறி தப்பாது. குளியலறையில் குழாய்க்கு நேர் மேலே. பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஏதாவது சொல்வார்.

“என்னங்க, அந்தப் பக்கமாத்தான் வயர் போகுதுன்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரே.”

“வீடு கட்டினப்ப நான்தானே பக்கத்துல நின்னேன். எனக்குத் தெரியாதா?”

மெயினை அணைக்கலாமா என்ற யோசனை வந்தால் ஒரு சின்ன இடைஞ்சல்: மெயினை அணைத்தால் டிரில் ஓடாது. (சம்பந்தப்பட்ட அறையின் எம்சிபியை மட்டும் அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொள்ளலாம் என்பது எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வது. இந்த ஒரு விஷயத்தில் எதிர்க்கட்சி சொல்வதைக் கேளுங்கள். கையேட்டுக்கு உயிரோடு இருக்கிற வாசகர்கள் வேண்டும்.)

கான்கிரீட்டில் துளைக்க ஹேமர் மோடு வேண்டும். டைல்ஸில் துளைக்கும்போது ஹேமர் கூடாது. டைல்ஸை முழுசாகத் தாண்டும்வரை மெதுவாகச் சுற்றிவிட்டு அப்புறம்தான் ஹேமருக்கு மாற வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிச் செய்தால் கான்கிரீட்டில் ஓட்டை விழாது, டைல்ஸில் ஓட்டையைத் தவிர மற்ற எல்லாம் விழும். பத்து நிமிடம் அழுத்தியும் சுவரில் பொட்டு மட்டும்தான் விழுந்திருக்கிறது, பிட்டிலிருந்து புகை வருகிறது என்றால், ரிவர்ஸ் பொத்தானைப் பார்க்காதீர்கள். பார்த்தால் மெஷின் இவ்வளவு நேரம் இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

சுவரில் செருகும் 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லாததால் கையை ஆட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டை பெரிதாகி பிளக் சுற்ற ஆரம்பித்தால் தீக்குச்சி செருகலாம். தீக்குச்சி இல்லாவிட்டால் விளக்குமாற்றுக் குச்சி. தமிழ்நாட்டுச் சுவர்க் கடிகாரங்களில் எத்தனை விளக்குமாற்றுக் குச்சியில் தொங்குகின்றன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இரும்பு

சென்டர் பஞ்ச் என்று ஒரு சாமான் உண்டு. கூர்முனையை இரும்பில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சின்னக் குழி விழும். பிட் அந்தக் குழியில் உட்கார்ந்து நகராமல் துளைக்கும். அது இல்லாமல் ஆரம்பித்தால் பிட் இரும்பின் மேல் பரதநாட்டியம் ஆடிவிட்டு, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கும். பிட்டின் விருப்பத்துக்கு மதிப்பு கொடுங்கள்.

வேகம் முழு வேகம்தான். சாதாரண இரும்பில் 10 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுப் போதும், 3 மி.மீ. பிட்டுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டலாம், அதாவது பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்குப் பிட் முனை நீலமாகிற அழகு தெரியாது. எவர்சில்வர் என்றால் இன்னும் விசேஷம்: அழுத்தாமல் சும்மா தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் மட்டும் முன்பைவிடக் கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் எந்த பிட்டுக்கும் அது அசையாது.

எந்த ஓட்டைக்கு எந்த பிட் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எட்டு மி.மீ. போல்ட்டுக்கு எத்தனை மி.மீ. ஓட்டை? எட்டு என்று சொல்கிறவர் நம் கையேட்டின் உத்தம மாணவர். போல்ட் ஓட்டையைக் கடந்துபோய் அந்தப் பக்கம் நட்டில் முடிய வேண்டுமானால் 9 மி.மீ. ஓட்டை வேண்டும், நெருக்கமாக வேண்டுமானால் 8.4. அந்த இரும்பிலேயே மரை வெட்டி போல்ட்டைப் பிடிக்க வைக்க வேண்டுமானால் 6.8. எட்டு மி.மீ. ஓட்டை இரண்டுக்கும் உதவாது: சும்மா நுழையத் தடிமன் விடாது, மரை வெட்ட உள்ளே சதை இருக்காது. மரைக்கான ஓட்டை கண்டுபிடிக்கக் கணக்கு எளிது, மில்லிமீட்டர் போல்ட்டில் மட்டும். தடிமனிலிருந்து ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் போதும்: எட்டிலிருந்து 1.25 கழித்தால் 6.75. ஆறு மி.மீ. போல்ட்டுக்கு ஒன்று கழித்து ஐந்து. கால் இன்ச் போல்ட்டுக்கு இன்ச்சுக்கு இருபது மரை என்பதால், இன்ச்சில் கழித்து மில்லிமீட்டருக்கு மாற்றினால் ஐந்துக்குச் சற்று மேலே, 5.1 வரும். அதே ஐந்து மி.மீ. பிட்டை வைத்துக் கால் இன்ச் மரை வெட்டப் பாருங்கள். மரை வெட்டும் டேப் இறுகி, பாதியில் முறிந்து உள்ளேயே நின்றாலும் நிற்கும். முறிந்த டேப்பைத் துளைத்து எடுக்க முடியாது, ஏனென்றால் உங்கள் பிட் அளவுக்கு அதுவும் கெட்டி.

அமெரிக்க பிட் செட் ஒன்று எங்கிருந்தாவது கிடைத்தால் விடாதீர்கள். அதில் பின்ன அளவு தனி. நம்பர் அளவு தனி: எண்பதாம் நம்பர் ஊசி மாதிரி மெலிசு, ஒன்றாம் நம்பர் 5.8 மி.மீ., அதாவது நம்பர் கூடினால் தடிமன் குறையும். எழுத்து அளவு தனி: ஏ முதல் இசட் வரை, எழுத்து போகப்போகத் தடிமன் கூடும். எழுத்து வரிசையில் ‘இ’ என்பதும் பின்ன வரிசையில் கால் இன்ச் என்பதும் ஒன்றே. குழப்புவதற்கென்றே ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

போல்ட்டும் நட்டும்

இனிப் பாடத்தின் இதயப் பகுதி. கடைக்குக் கிளம்புங்கள். பழைய போல்ட்டையோ நட்டையோ கையில் எடுத்துப் போகக் கூடாது.

“அண்ணாச்சி, போல்ட் ஒண்ணு வேணும்.”

“என்ன சைஸ் தம்பி?”

“பத்து நம்பர்.”

“தண்டு பத்தா, தலை பத்தா?”

“பைக்ல இருக்கும்ல, அது.”

அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. மெக்கானிக்கின் அகராதியில் பத்து நம்பர் போல்ட் என்றால் பத்து ஸ்பேனர் மாட்டுகிற போல்ட். அதன் தண்டு ஆறு மி.மீ.தான். ஹார்டுவேர் கடையில் பத்து என்றால் தண்டே பத்து. அதற்கு 16 அல்லது 17 ஸ்பேனர் வேண்டும். பைக்கில் பன்னிரண்டு ஸ்பேனர் மாட்டுகிற போல்ட்டின் தண்டு எட்டு. கடையில் வாங்குகிற எட்டு மி.மீ. போல்ட்டின் தலைக்குப் பதின்மூன்று. எனவே ‘பத்து நம்பர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது பயனுள்ள உத்தி. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது 8.8 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பலத்தின் குறியீடு: முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எண்ணூறு நியூட்டன் இழுத்தால்தான் அறும் என்பதைச் சொல்கிறது, அடுத்த எட்டு, அந்தப் பலத்தில் எண்பது சதவீதம் வரும்வரை நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது. இன்ச் போல்ட்டின் தலையில் எண்ணுக்குப் பதில் பெரும்பாலும் கோடுகள் இருக்கும். எண் இருந்தால் மில்லிமீட்டர், கோடு இருந்தால் இன்ச் என்று தரம் பிரிப்பது சுலபம் என்பதால் தலையைப் பார்க்காமல் வாங்குவது உத்தமம்.

இன்ச் போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் எங்கே சந்தித்துக்கொள்கின்றன? ரெண்டரை நூலில். ரெண்டரை நூல் என்றால் 5/16 இன்ச், 7.94 மி.மீ. பக்கத்திலேயே எம் 8, தண்டு 8 மி.மீ. வித்தியாசம் 0.06 மி.மீ., ஒரு தாள் கனம்கூடச் சரியாக இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். தடிமன் ஒன்று, மரை வேறு. ரெண்டரை நூல் போல்ட்டில் ஒரு இன்ச் நீளத்துக்குப் பதினெட்டு மரை. எம் 8-ல் அதே நீளத்துக்கு இருபதுக்கும் சற்று மேலே. ஒரு மரைக்கு 0.16 மி.மீ. வித்தியாசம். எனவே ஒன்றின் நட்டை இன்னொன்றில் மாட்டினால் முதல் சுற்று சுகமாகப் போகும், இரண்டாவது சுற்றும் போகும். மூன்றாவதில் பிடிக்கும்.

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு வரியை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்: பிடித்ததும் ஸ்பேனரை எடுக்க வேண்டும். சுத்தமாக நுழையாத போல்ட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்துவிடுவோம். இரண்டு சுற்று போய் நிற்பதுதான் நம்பிக்கை கொடுக்கிறது. துரு பிடித்திருக்கும், பெயின்ட் அடைத்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டால் போய்விடும் என்று மனம் சொல்லும். விடுங்கள். நீளமான கைப்பிடியாக மாட்டி மிதியுங்கள். நட்டு நகர்வது தெரியும். நகர்வது நட்டு அல்ல, மரை உரிந்து வருகிறது. கடைசியில் இறுகின மாதிரியே இருக்கும். மோட்டார் பம்பை அந்த போல்ட்டில் உட்காரவைத்துவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் பிடியுங்கள். ஒரு நாள் பம்பு தானாக நகர ஆரம்பிக்கும்.

ஸ்பேனரிலும் இதே கதை. முக்கால் இன்ச் ஸ்பேனரும் 19 மி.மீ. ஸ்பேனரும் நிஜமாகவே ஒன்று, 19.05. அது பொருந்திய தைரியத்தில் 9/16 இன்ச் ஸ்பேனரை எடுத்து 14-ல் மாட்டுங்கள். 0.29 மி.மீ. லூஸ். இழுத்தால் போல்ட் தலையின் ஆறு மூலையும் மழுங்கும். பிறகு ஸ்க்ரூ ஸ்பேனர், அதற்கும் நழுவினால் பைப் ரெஞ்ச், அதற்கும் நழுவினால் உளியும் சுத்தியலும், கடைசியில் வெல்டிங் கடை. வெல்டிங்காரர் ஒரு நட்டை அதன் மேல் ஒட்டித் திருப்பி எடுத்துவிட்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார்.

பழைய புல்லட் வைத்திருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். 1950-களில் சென்னைக்கு வந்து, இங்கேயே உருவாகி ஓடிய அந்த வண்டிகளில் இன்ச் மரைகள் உண்டு. அதற்கான விட்வர்த் ஸ்பேனரில் 1/4 என்று எழுதியிருந்தால் அது ஸ்பேனர் வாயின் அகலமல்ல, போல்ட் தண்டின் அளவு. வாய் அரை இன்ச்சுக்கும் மேலே. இந்தக் கோளாறு புரிய மெக்கானிக்குக்கே பாதி நாள் பிடிக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடினால் அந்த ஸ்பேனர் இன்னும் கிடைக்கிறது என்பார்கள்.

விட்வர்த் யார் என்று கேட்பவர்களுக்கு: ஜோசப் விட்வர்த், மான்செஸ்டர்காரர். பட்டறைக்கு ஒரு மரை என்று இருந்த காலத்தில், 1841-ல், எல்லாரும் 55 டிகிரிக் கோணத்தில் ஒரே மாதிரி மரை வெட்டுவோம் என்று சொன்னார். 1864-ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியை வெட்டுவது சிரமம், 60 வைத்துக்கொள்வோம் என்றார். அமெரிக்கா செல்லர்ஸ் பக்கம் போனது. தமாஷ் என்னவென்றால் கால் இன்ச், ரெண்டரை நூல், மூணு நூல் ஆகிய மூன்று அளவிலும் இரண்டு பேருக்கும் இன்ச்சுக்கு மரை எண்ணிக்கை ஒன்றே: 20, 18, 16. கோணம் மட்டும் வேறு. அரை இன்ச்சுக்கு வந்ததும் விட்வர்த் 12, அமெரிக்கர் 13. மூணு நூல்வரை மாறி மாறிப் போட்டுப் பழகிய கை அரை இன்ச்சில் ஏமாறும். இரண்டாம் உலகப் போரில் ஒரே பக்கம் நின்று சண்டை போட்ட இரண்டு நாடுகளின் போல்ட்டும் நட்டும் சேரவில்லை. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் தயாரித்த பேக்கார்டு நிறுவனம் பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்து 1948-ல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 டிகிரியில் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்குள் உலகத்தின் பாதி மில்லிமீட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது.

விட்வர்த் தோற்றுவிட்டார் என்று நினைத்து வருந்த வேண்டாம். உங்கள் குளியலறையில் இருக்கிறார். அரை இன்ச் குழாய் மரை இன்றும் அவருடைய 55 டிகிரிதான், இன்ச்சுக்குப் பதினாலு மரை. மில்லிமீட்டர் நாடுகளிலும் அதேதான். அரை இன்ச் குழாயில் அரை இன்ச்சை எங்கே தேடினாலும் கிடைக்காது. வெளி விட்டம் 21 மி.மீ.க்குப் பக்கத்தில். அளந்து பார்த்து ‘இது முக்கால் இன்ச்’ என்று போய் முக்கால் இன்ச் தண்ணீர் டேப் வாங்கி வந்தால் ஒரு நாள் வேலை இனிதாக முடியும். கேமரா வைத்திருப்பவர்கள் அடியில் பாருங்கள்: ஜப்பானில் செய்த கேமராவிலும் டிரைபாட் ஓட்டை பெரும்பாலும் கால் இன்ச், இருபது மரை. சைக்கிளில் இடது பெடலைக் கழற்ற நினைத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும் மரை என்பதை மறந்துவிட்டு, வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பி முழு பலத்தையும் போட்டு இறுக்குங்கள்.

மேல்படிப்பு

பாடங்களை முடித்தவர்கள் கண்ணளவில் பட்டம் பெறலாம். கண்ணளவு என்பது போல்ட்டைக் கையில் எடுத்து, இன்னொன்றின் பக்கத்தில் பிடித்து, ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்வது. இதன் உச்சம் 1990-ல் இங்கிலாந்தில் நடந்தது. பர்மிங்ஹாமில் ஒரு விமானத்தின் முன் கண்ணாடியை மாற்றினார்கள். மாற்றியவர் பழைய போல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். எந்த போல்ட் வேண்டும் என்று ஸ்டோரில் இருந்தவர் சரியாகவே சொன்னார். வந்தவரோ ஏற்கெனவே மாட்டியிருந்ததைப் போன்றதே வேண்டும் என்று முடிவு செய்தார். பழைய போல்ட்டே அளவு தப்பான போல்ட். அதுவும் கையிருப்பில் போதவில்லை. வெளிச்சம் குறைந்த இன்னொரு பெட்டிக்குப் போய்க் கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்துவந்தார். மொத்தம் தொண்ணூறு போல்ட். அதில் 84 தேவையானதைவிட 0.026 இன்ச் மெலிசு, அதாவது 0.66 மி.மீ. மீதி ஆறு, நீளத்தில் 0.1 இன்ச் குறைவு. இன்ச்சுக்கு முப்பத்திரண்டு மரை என்பது மட்டும் சரியான போல்ட்டுக்கும் அதற்கும் ஒன்றாக இருந்தது. எனவே எல்லாம் அழகாக ஏறின, இறுகின மாதிரியும் இருந்தன.

27 மணி நேரம் கழித்து, ஜூன் 10-ம் தேதி, மலாகா கிளம்பிய அந்த விமானத்தின் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். விமானப் பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள், கேப்டனும்தான்; பிறகு திரும்பவும் விமானம் ஓட்டினார். பழைய போல்ட்டைக் கொண்டுபோனால் தப்பே வராது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாடம் உதவும். பழையதை மாட்டியவரும் உங்களைப் போலவே கண்ணளவுக்காரராக இருந்திருக்கலாம்.

இந்தக் கையேட்டுக்கு எதிரிகள் உண்டு. நட்டை விரலாலேயே கடைசிவரை சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பார்கள். கடைக்குப் போகும்போது போல்ட்டையும் நட்டையும் சேர்த்தே கொண்டுபோய், அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குவார்கள். மரைக் கேஜ் என்று பல் பல்லாக ஒரு தகட்டைப் பர்சில் வைத்திருப்பார்கள். அதை மரையில் வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் இன்ச் சாமானுக்கு ஒரு டப்பா, மில்லிமீட்டருக்கு ஒரு டப்பா என்று வேறு வைத்திருப்பார்கள். இவர்கள் வீட்டில் பிளம்பரைப் பார்க்கவே முடியாது. பழக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கையேட்டை விட்டு வெளியே வந்து ஹார்டுவேர் கடை அண்ணாச்சிகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். ரெண்டரை நூல் பெட்டியையும் எம் 8 பெட்டியையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எந்தப் பெட்டியில் திரும்பப் போடுகிறார் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.